கறுப்புத் தாளில் பூத்தவை

ஓவியம் மனப்புண்ணை ஆற்றும் என்று இன்று பலரும் எழுதுகின்றனர். உள்ளத்தில் தேங்கிய துயரை வண்ணங்களாக வெளியே கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது அவர்கள் தரும் விளக்கம். சிலருக்கு அது பொருந்தலாம். என் கணவர் மறைந்த பின்னான இந்த நான்கு ஆண்டுகளில் தாளும் பசையும் கத்தரிக்கோலுமாகவே என் மாலைகள் கழிந்திருக்கின்றன. ஆனால் எதையும் கொட்டித் தீர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாலைகளில் நடந்தது என்னவென்று எனக்கு விளங்க வைத்தவர், 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மேரி டெலனி என்னும் ஆங்கிலேய அம்மையார்.

அவர் 1700-இல் பிறந்தார். 17 வயதில், குடும்பத்தாரின் நெருக்குதலுக்குப் பணிந்து, ஏறத்தாழ 60 வயதான ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். சில ஆண்டுகளில் கைம்பெண்ணானார். பின்னர் 1743-இல் தாமே விரும்பி மணந்துகொண்ட பேட்ரிக் டெலனி, அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த குரு. டப்ளின் நகருக்கு அருகே தோட்டம் சூழ்ந்த வீட்டில் இருவரும் மனமொத்து வாழ்ந்தனர். 1768-இல் அவரும் இறந்தார். பிள்ளைகள் இல்லை. 68 வயதில் இனி எதைத் தொடங்குவது?

அவருடைய நெடுநாள் தோழியான போர்ட்லண்டு கோமகள் தம் மாளிகைக்கு அவரை அழைத்து வைத்துக்கொண்டார். 1772-இல் ஒருநாள், அங்கே இருந்த ஜெரேனியப் பூவின் நிறமும் மேசைமேல் கிடந்த ஒரு சிவப்புத் தாளின் நிறமும் ஒன்றுபோல் இருக்கக் கண்டு, அத்தாளை இதழ் இதழாக வெட்டி ஒட்டினாராம். உள்ளே வந்த கோமகள் அதை உண்மைப் பூ என்றே எண்ணிவிட்டார் என்று சொல்வார்கள். அவர் சிறிது ஓவியம் பயின்றவர், ஊசிவேலையில் கைதேர்ந்தவர். ஆயினும் இந்த முறையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. 72 வயதில் தாமே கண்டுகொண்டார்.

அவருடைய வேலைமுறை வியப்புக்குரியது. தாளில் கறுப்பு மை பூசிப் பின்புலம் அமைப்பார். உண்மைச் செடியை முன்னே வைத்துக்கொண்டு, கோடு எதுவும் வரையாமல், கத்தரிக்கோலால் நேரே நுண்ணிய துண்டுகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார். நிழல் வேண்டிய இடத்தில் அடர்ந்த நிறத்துண்டு. இன்னும் நுட்பம் வேண்டுமானால் நீர்வண்ணத்தால் ஒரு தீற்று. சிலவற்றில் உண்மை இலையையே ஒட்டியிருக்கிறார். நம் வயலோரத்துச் சொடக்குத் தக்காளிக்கு உறவான ஒரு செடியின் படத்தில், காயை மூடியிருந்த உறை மக்கி எஞ்சிய நரம்புக்கூட்டை அப்படியே பதித்திருக்கிறார். ஆண்டவரின் பாடுகளை நினைவூட்டும் பெயர் கொண்ட பாசிமலர் ஒன்றுக்கு மட்டும் 230-க்கு மேற்பட்ட துண்டுகள். படத்தின் பின்புறம் செடியின் பெயர், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அவற்றின் துல்லியத்தைத் தாவர அறிஞர் ஜோசப் பேங்க்ஸ் பாராட்டினார்.

இப்படங்களில் கல்லறை இல்லை; கண்ணீர் இல்லை; கணவரின் முகமும் இல்லை. பூ மட்டுமே இருக்கிறது. துயரைப் பற்றி ஒரு துண்டுத் தாள்கூட வெட்டாத ஒருவருக்கு இக்கலை எப்படி ஆறுதல் தந்தது? ஓர் இலையின் முன்பக்கத்துப் பச்சையும் பின்பக்கத்துப் பச்சையும் எப்படி வேறுபடுகின்றன என்று ஒரு மணி நேரம் பார்த்திருப்பவருக்கு அதற்கு விடை தெரியும்.

எனக்கு வாய்த்தவை எளிய பொருள்கள்: பழைய கல்யாணப் பத்திரிகைகள், பட்டம் ஒட்டும் தாள், சணல், கிழிந்த பட்டுச் சேலையின் ஜரிகை. மைதாப் பசையில் மயில்துத்தம் சிறிது கலந்தால் பூச்சி அரிக்காது என்பதைப் புத்தகம் பைண்டு செய்யும் பெரியவர் ஒருவர் சொல்லித்தந்தார். (கல்யாணப் பத்திரிகைத் தாளைப் போன்ற சிவப்பு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.) ஒரு மாலை, செம்பருத்தியின் மகரந்தத் தண்டை ஜரிகையால் அமைத்து முடித்து நிமிர்ந்தபோது, இரண்டு மணி நேரமாக என் கணவரை நான் நினைக்கவே இல்லை என்பது உறைத்தது. நெஞ்சு திடுக்கிட்டது. இது துரோகமோ என்றுகூட எண்ணினேன். அன்றிரவு அவர் நினைவு வந்தது. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவராக வரவில்லை. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கிணற்றடிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தவராக வந்தார். இறுதி மாதங்கள் மறைத்திருந்த அந்த மனிதரை அதன்முன் ஓராண்டாக நான் காணவில்லை.

டெலனி அம்மையார் ஏன் கறுப்பைத் தேர்ந்தார் என்று அறிஞர்கள் பலவாறு கூறலாம். பூவின் நிறம் எடுப்பாகத் தெரிய அது உதவுகிறது என்பது வெளிப்படை. எனக்கோ, அந்தக் கறுப்பை அவர் எங்கும் மூடிவிட முயலவில்லை என்பதே கண்ணில் படுகிறது. தாளின் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கிறது.

ஆயிரம் மலர்கள் செய்ய எண்ணியிருந்தார். 1782-இல் பார்வை மங்கியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1788-இல் காலமானார். அவர் வெட்டி ஒட்டியவற்றுள் 985 மலர்கள், 1897 முதல், இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பத்துத் தொகுதிகளாக இருக்கின்றன. நான் இதுவரை செய்தவை 41. இப்போது மேசைமேல் ஓர் ஆவாரங்கொத்து இருக்கிறது; அதன் மஞ்சளுக்கு ஏற்ற தாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.