குசினிக்காரர் என்றொரு பதிவு

பெங்களூர் கண்டோன்மெண்ட் பகுதியிலுள்ள பழைய தமிழ்ச் சபை ஒன்றின் மூப்பர் போன வருடம் என் வீட்டுக்கு வந்தார். துணிப்பைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம். சபை வரலாற்றைத் தமிழில் தன் கைப்பட எழுதியிருந்தார். "நம்ம பிள்ளைங்க தமிழ் பேசுறாங்க, படிக்க வரல. இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க தம்பி" என்றார். என் அம்மாவைப் பெற்ற பாட்டி ஞானஸ்நானம் பெற்ற சபை அது. மறுக்க முடியவில்லை.

தமிழ் எம்.ஏ. முடித்த நாளிலிருந்து ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் பிழைப்பவன் நான். இதுவோ எதிர்த்திசை. பெங்களூருக்கு முதலில் வந்த வெஸ்லியன் மிஷனரிகளில் ஒருவரான எலைஜா ஹூலும் ஒரு மொழிபெயர்ப்பாளர்தான். 1820-ல் இந்தியா வரும் வழியில் கப்பல் விபத்தில் தன் புத்தகங்களையெல்லாம் இழந்தவர். 1821-ல் பெங்களூர் வந்தார். மறு வருடமே சென்னைக்கு அழைக்கப்பட்டு, தமிழ் பைபிளைத் திருத்தும் குழுவில் சேர்ந்தார். கன்னட நாட்டில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1809-ல் கண்டோன்மெண்ட் அமைந்தபோது சென்னை ராணுவத்தோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள், வியாபாரிகள், துரை வீட்டு வேலைக்காரர்கள்.

பெங்களூர் மெதடிஸ்டுகள் இரண்டு வழி. ஒன்று, பிரிட்டிஷ் வெஸ்லியன் வழி. 1904-ல் கட்டப்பட்ட ஹட்சன் நினைவு ஆலயத்தின் கன்னடச் சபையும் இந்த வழிதான். மற்றது, 1870-களில் வந்த வில்லியம் டெய்லரின் அமெரிக்க வழி. ரிச்மண்ட் டவுன் சபையும் பால்ட்வின் பள்ளிகளும் அதைச் சேர்ந்தவை. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியன் சபைகள் அதில் இணைந்தன. மெதடிஸ்ட் என்ற பெயரை விட்டுக்கொடுத்தன. அமெரிக்க வழியினர் சேரவில்லை. 1981-ல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்று தன்னாட்சி பெற்றார்கள். எங்கள் மூப்பர் மட்டும் இன்றும் "நாங்க வெஸ்லியன்" என்பார்.

பெயரை விட்ட சபை மொழியை விடவில்லை. இப்போது அதுவும் கைநழுவுகிறது. ஞாயிறு ஆராதனையில் பக்கத்து இருக்கைப் பையன் கீர்த்தனையை ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்துத்தான் பாடினான். ராகம் பிசகவில்லை.

தேதிகளைச் சரிபார்க்கப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினேன். தகப்பன் பெயர், தாய் பெயர், தொழில். தோட்டக்காரர், கம்பவுண்டர், தையற்காரர். பாட்டியின் அப்பா பெயருக்கு எதிரே 'குசினிக்காரர்' என்றிருந்தது. "ரெஜிமெண்டில் பெரிய வேலை" என்று கேட்டு வளர்ந்த குடும்பம் நாங்கள்.

சித்தி மகனிடம் சொன்னேன். சற்று யோசித்தவன், "கேட்டரிங்னு போட்டுடேன், இங்கிலீஷ்ல நல்லாத்தானே இருக்கும்" என்றான். ஒரு ராத்திரி நானும் யோசித்தேன். மொழிபெயர்ப்பில் எதையும் மறைத்துவிடலாம். மூலத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாத இடத்தில் அது இன்னும் சுலபம். மிஷனரிகளுக்குக் கல்வெட்டு இருக்கிறது. 1742-ல் பிரிஸ்டலில் ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வெஸ்லியின் கூட்டத்தார் வசூலிக்கத் தொடங்கினார்கள். அதே வழக்கத்தில் இங்கே அணா அணாவாகக் கொடுத்துச் சபையை நடத்தியவர்களுக்கு இந்தப் பதிவேடு ஒன்றுதான். 'குக்' என்றே எழுதினேன்.

புத்தகம் வந்ததும் சித்தி மகனின் பெண்தான் முதலில் முழுக்கப் படித்தாள். "மாமா, அந்தத் தாத்தா என்ன சமைப்பார்?" என்று தமிழில் கேட்டாள்.

அது பதிவேட்டில் இல்லை. பாட்டி உயிரோடு இருந்தபோது நானும் கேட்கவில்லை.