அலகில் விழுந்த பல்

முதன்முதலில் வாங்கிய வாளை நானே பாழாக்கினேன். பழைய சாமான் கடையில் பல மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கியது. செந்தூல் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே எமரித்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த அப்பா வந்து பார்த்தார். "எதுக்குடா இதைத் தொட்டே? அந்தக் கருப்புதானே இரும்புக்குக் காவலு" என்றார்.

செந்துருவை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து மெல்ல எடுக்க வேண்டும், கருத்துப் படிந்ததில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் பிறகு கற்றது.

அந்த வாளின் பிடி தல்வார் வகை. உச்சியில் வட்டத் தட்டு, உள்ளே அரக்கு. அலகின் வால் அந்த அரக்கின் பிடியில்தான் நிற்கிறது. அலகோ நேரானது, ஐரோப்பாவில் அடித்தது. கப்பலில் வந்த அலகுக்கு இந்தியாவில் பிடி போட்ட வாளை வடக்கே 'பிரங்கி' என்பார்கள். நம் 'பறங்கி'யேதான் அது! அது தெரிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தென்னாட்டு வாள்கள் கிடைப்பது அரிது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, டிசம்பரில் பாளையக்காரர் சீமையில் ஆயுதம் வைத்திருக்கவே கம்பெனி தடை போட்டது. தஞ்சை அரண்மனை ஆயுதங்களில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது; மிச்சத்தில் பெரும்பகுதியை 1860களில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். எழும்பூரில் அந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் நின்றபோது, உடைபட்டவற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023இல் லண்டன் ஏலத்தில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. மன்னன் வாளுக்கு அவன் பெயர் இருக்கிறது. சிப்பாயின் வாளுக்கு அலகில் விழுந்த பல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? என் வாளில் மூன்று இருந்தன. இரண்டை நான் தேய்த்து மட்டமாக்கிவிட்டேன். மூன்றாவது ஆழமானது. எவனுடைய வாளோ குறுக்கே வந்து விழுந்த இடம். கட்டைவிரல் நகம் இன்றும் அதில் சிக்கும்.

வாளை வாங்கிய வருட ஆயுதபூசையில் அப்பா தம் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் அதையும் கிடத்தினார். எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவர், வாளிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். ஈரம் ஆகாதாம். வாளைக் கிடத்திய பலகையில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, எண்ணெய்த் துணியால் அலகை ஒருமுறை துடைத்தார்.