கறிவேப்பிலைச் செடிக்கு வந்த விருந்தாளி

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் பல்கனியில், பூச்சாடியொன்றில் கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. சமையலுக்கென்று வைத்தது. ஒருநாள் இலை பறிக்கப் போனபோது, பறவை எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடப் பார்த்தேன். அது அசைந்தது!

சில நாட்களில் அது பச்சைப் புழுவாக மாறியது. தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோன்ற சிவந்த உறுப்பை நீட்டிக் கடும் மணம் பரப்பும். இலை பறிப்பதை நிறுத்திவிட்டு, தினமும் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினேன். மெல்லிய நூலால் தன்னைக் காம்போடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகியது. ஏறத்தாழ 10 நாட்களின் பின் வெளியே வந்தது, பின்செட்டையில் வாலும், கறுப்பில் வெள்ளையும் சிவப்பும் கலந்த நிறமும் கொண்ட வண்ணத்துப்பூச்சி.

புத்தகத்தோடு ஒப்பிட்டு, 'கொமன் ரோஸ்' என்றே முதலில் நினைத்தேன். ஆனால் ரோஸின் உடலில் சிவப்பு இருக்கும். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், உடல் கறுப்பு. இது 'கொமன் மோர்மன்' இனத்துப் பெண்.

ரோஸின் புழு ஈசுரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால், பறவைகள் அந்த இனத்தைத் தவிர்க்கின்றன. மோர்மனிடம் அந்த நஞ்சு இல்லை. அதன் பெண்களில் ஒரு பகுதி, ரோஸைப்போலத் தோற்றமளித்துத் தப்பிக்கொள்கிறது. ஆண்களுக்கு இந்த வேஷம் கிடையாது. வொலஸ் என்ற அறிஞர் 1865 ஆம் ஆண்டிலேயே இதைப்பற்றி எழுதியுள்ளார். ஒரே மரபணுவே இதைத் தீர்மானிக்கிறது என 2014 இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இதை வாசித்தபோது, கொட்டாஞ்சேனையில் நான் சந்திக்கும் ஒரு பெண் நினைவுக்கு வந்தார். கணவனைப் பிரிந்து பல வருடங்களாகியும் தாலியும் குங்குமமும் அணிபவர். "கழட்டினா வீட்டுக்காரர்ல இருந்து பஸ்ஸில நிக்கிறவன் வரைக்கும் கதைக்கிற விதமே மாறிடும், மிஸ்" என்றார். "அது பொய்தானே, துணிந்து கழற்றுங்கள்" என்று நான் புத்திமதி சொன்னேன். அதன்பின் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை.

எமது நாட்டில் 2015 இல் ஐ.நா. சனத்தொகை நிதியம் நடத்திய ஆய்வில், 90 சதவீதமான பெண்கள் பஸ், ரயில்களில் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகத் தெரியவந்தது. இதை அறிந்திருந்தும், அவரது பயத்தை விட்டுவிட்டு வேஷத்தையல்லவா குறை கூறினேன்! வண்ணத்துப்பூச்சி தன் நிறத்தைத் தெரிவு செய்வதில்லை. அவரோ நன்கு யோசித்தே தெரிவு செய்திருந்தார்.

அடுத்தமுறை போய் மன்னிப்புக் கேட்டேன். படங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "செடி வைச்சா இஞ்சையும் வருமா, மிஸ்?" என்றார்.

"வரும். மருந்து மட்டும் அடிக்காதீங்க" என்றேன். பக்கக்கன்று ஒன்றை அவருக்காகச் சாடியில் பிரித்து வைத்திருக்கிறேன்.