டிஸ்கில் அளவு: 0 பைட்

ஒரு சின்ன வேலை செஞ்சு பாருங்க. விண்டோஸ் லேப்டாப்ல நோட்பேட் திறந்து, "ஸ்ரீரங்கம்"னு தமிழ்ல ஒரே ஒரு வார்த்தை அடிச்சு சேவ் பண்ணுங்க. ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். அளவு 30 பைட்னு காட்டும். அதுக்குக் கீழேயே டிஸ்கில் எடுத்துக்கிட்ட அளவு 0 பைட்னு இருக்கும். இப்போ அதே வார்த்தையை ஐம்பது தடவை ஒட்டி சேவ் பண்ணுங்க. டிஸ்கில் அளவு ஒரே தாவலா 4 கேபி ஆயிடும்.

முப்பதுக்கு விளக்கம் சுலபம். நம்ம கண்ணுக்கு ஸ்ரீரங்கம் ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி, மொத்தம் பத்து குறி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆனா அந்த 0-வும் 4 கேபியும்? ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சுட்டு நாம எல்லாரும் மறந்த விஷயம். போன வருஷம் எங்க வீட்டில் அது தேவைப்பட்டது.

எங்க தாத்தா தினமும் டைரி எழுதுவார், கம்ப்யூட்டர்ல. நாளுக்கு ஒரு நோட்பேட் ஃபைல், தேதிதான் ஃபைலோட பேர். 2016-ல ஆரம்பிச்சது. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்குத் தமிழ்99 விசைப்பலகை சொல்லிக் கொடுத்ததே அவர்தான். "ஆன்சி வேண்டாம், யூடிஎஃப்-8 மட்டும்"னு ஒரு தாள்ல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருப்பார், இல்லேன்னா தமிழ் எல்லாம் கேள்விக்குறியா மாறிடும்னு. 2024 ஜனவரியில தாத்தா போயிட்டார். அந்தக் கோடை லீவுக்கு வந்த அத்தை பையன், எட்டாவது படிக்கிறவன், கேம் போட இடம் பத்தலைன்னு சில பழைய படங்களையும், கூடவே "ரெண்டாயிரத்துச் சொச்சம் ஃபைல் இருக்கே, நிறைய இடம் அடைக்கும்"னு அந்த ஃபோல்டரையும் ஷிஃப்ட் டெலீட் பண்ணிட்டான்.

அந்த ஃபோல்டரால அவனுக்குக் கிடைச்ச இடம் எவ்வளவு தெரியுமா? ஃபைலுக்கு 4 கேபின்னு வெச்சாலும் பத்து எம்பிக்குள்ள. ரெண்டு மூணு போட்டோ வைக்கிற இடம்.

ஹார்ட் டிஸ்க்கை பைட் பைட்டா யாரும் பங்கு போடுறதில்லை. விண்டோஸோட என்டிஎஃப்எஸ், வழக்கமா 4096 பைட் கொண்ட துண்டுகளாத்தான் இடம் கொடுக்கும். அதுக்குப் பேர் க்ளஸ்டர். எங்க சித்திரை வீதியில் ஒரு நீளமான வீட்டில் ஒரே ஒரு பாட்டி மட்டும் இருந்தாலும், மிச்ச ரேழியை அடுத்த வீட்டுக்காரங்களுக்குக் கொடுக்க முடியாது இல்லையா, அது மாதிரி. 1500 பைட் ஃபைலுக்கும் முழு 4096. மிச்சம் சும்மா கிடக்கும்.

எந்த ஃபைல் எந்த க்ளஸ்டர்ல இருக்குன்னு எழுதி வைக்க ஒரு பெரிய பதிவேடு உண்டு: மாஸ்டர் ஃபைல் டேபிள். ஃபைலுக்கு ஒரு பதிவு, ஒவ்வொரு பதிவுக்கும் பொதுவா 1024 பைட். பேர், தேதி, எங்கே இருக்குங்கிற விவரம் எல்லாம் போக அதிலேயே சுமார் 700 பைட் மிஞ்சும். ஃபைல் அதுக்குள்ள அடங்கிட்டா, என்டிஎஃப்எஸ் தனியா க்ளஸ்டரே ஒதுக்காது, விஷயத்தைப் பதிவேட்டிலேயே எழுதிடும். அதுதான் அந்த 0 பைட். புத்திசாலித்தனமான ஏற்பாடுன்னு அப்போ நினைச்சேன்.

டெலீட் பண்ணும்போது எழுத்து அழியறதில்லை. பதிவுல "இது காலி"ன்னு குறி, க்ளஸ்டர் கணக்குல "இதுவும் காலி"ன்னு குறி, அவ்வளவுதான். மேலே வேற ஒண்ணு எழுதப்படுற வரைக்கும் பழசு அப்படியே இருக்கும். அதனால நீங்க எதையாவது தொலைச்சா முதல் வேலை, அந்த மெஷினை ஆஃப் பண்றது. ரெகவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் பண்றது, தொலைஞ்ச சாவியைத் தேட ரூம்ல மண்ணைக் கொட்டுற மாதிரி. இன்னொண்ணு: எஸ்எஸ்டியா இருந்தா பெரும்பாலும் வாய்ப்பே இல்லை. டிரிம்னு ஒரு கட்டளை, காலியான இடத்தை எஸ்எஸ்டிக்கு உடனே சொல்லிடும், அதுவும் துடைச்சிடும். தாத்தாவோடது பழைய சுழல் டிஸ்க். 500 ஜிபின்னு வாங்கி, விண்டோஸ்ல 465 காட்டுறது.

டிஸ்க்கைக் கழட்டி, லினக்ஸ்ல மாட்டி, முழுசா ஒரு நகல் எடுத்தேன். பதிவேட்டைப் பார்த்தா வயிறு கலங்கிடுச்சு. அந்த கேம் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களோட வந்தது. காலியான பதிவுகள்ல அதுங்க வந்து உட்கார்ந்துடுச்சு. தாத்தா ஃபைலோட பேரே இல்லை. பேர் இல்லேன்னா தேதி இல்லை.

ஆனா க்ளஸ்டர்கள்? தமிழ்க் குறி எல்லாமே யூடிஎஃப்-8ல 224-ங்கிற பைட்ல ஆரம்பிக்கும், அடுத்தது 174 இல்லேன்னா 175. பைத்தான்ல இருபது வரி எழுதி, க்ளஸ்டர் க்ளஸ்டரா அந்த ஜோடியைத் தேட விட்டேன். ராத்திரி முழுக்க ஓடிச்சு. காலையில பார்த்தா தாத்தா படிச்ச செய்தித்தளங்களோட தலைப்பு ஒரு குவியல், நடு நடுவுல அவர் குரல். பெரும்பாலான நாட்கள் ஒரே க்ளஸ்டருக்குள் அடங்கினதால துண்டு துண்டா சிதறலை. அந்த வீணான இடத்துக்கு அன்னிக்கு நன்றி சொன்னேன். ஆயிரத்து நூறு சொச்சம் நாள் திரும்ப வந்துச்சு.

தேதி போடுற வேலை பாட்டிக்கும் எனக்கும். சிலது சுலபம். பழைய ஐநூறு ரூபா செல்லாதுன்னு பேங்க் வரிசையில நின்னது 2016 நவம்பர். முக்கொம்புல மேலணை ஷட்டர் 9 அடிச்சுட்டுப் போனதைக் கேட்டு பஸ் பிடிச்சுப் போய்ப் பார்த்தது 2018 ஆகஸ்ட் 22-க்கு அடுத்த நாள். அதுக்குச் சில நாள் முன்னாடி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம் இடிஞ்சதுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார், சின்ன வயசுல அது மேல சைக்கிள் விட்டதெல்லாம் சேர்த்து.

கஷ்டமான விஷயம் வேற. எழுநூறு பைட்னா தமிழ்ல இருநூத்திச் சொச்சம் குறி, மூணு நாலு வரி. அதை விடச் சின்னதா எழுதின நாளெல்லாம் பதிவேட்டோடயே போயிடுச்சு. தாத்தாவுக்குக் கடைசியில கை நடுங்கும், ஒரு விரல்ல தேடித் தேடி அடிப்பார். "இன்று மழை. பால் பாக்கி 140." அந்த அளவுதான். 2023 தீபாவளிக்கு அப்புறம் ஒண்ணுகூடக் கிடைக்கலை. பாட்டிகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரம் யோசிச்சேன். கடைசியில ஒரு காகிதத்துல கட்டம் போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "அவர் அப்போ பேசினதும் கம்மிதான்டா"ன்னாங்க.

அத்தை பையன் இப்போ லீவுக்கு வந்தா அவனும் உட்கார்ந்து தேதி போடுறான். இன்னும் அறுபது எழுபது நாள் மிச்சம் இருக்கு. அதுல ஒண்ணு ஆடி பதினெட்டு. அம்மா மண்டபத்துல ஆத்துல தண்ணி இல்லாம ஷவர் வெச்சிருந்தாங்கன்னு எழுதியிருக்கார். 2018 கிடையாது, அந்த வருஷம் காவிரி நிறைஞ்சு ஓடுச்சு. 2017-ன்னு நான் சொல்றேன். அதுக்கு முந்தின வருஷம்னு பாட்டி சொல்றாங்க, ஏன்னா அன்னிக்குச் சித்ரான்னத்துல தேங்காய் சாதம் தீஞ்சு போச்சாம், அதுவும் அதே ஃபைல்ல இருக்கு.