வழி இரண்டு, வாய்மை ஒன்று

மூதூரிலிருந்து திருகோணமலை நகருக்கு வருவார்க்கு முன்னாளில் இருவழிகள் இருந்தன. ஒன்று கொட்டியாரக் குடாவைக் கடக்கும் படகுவழி. மற்றையது கிண்ணியாவூடாக, 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ என நம்மவர் வழங்கிய மிதவையேறி வரும் தரைவழி. மாற்றுவழியின் அருமை துறைமுக மாந்தராகிய நமக்குப் புதிதன்று.

இணையத்துக்கும் இஃது ஒக்கும். 2004 ஓகஸ்டில், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சிதைக்கவே, இலங்கையின் வெளியுலகத் தொடர்பு பெரிதும் அற்றது. பின்னர் வேறு வடங்களும் கரைசேர்ந்தன.

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது யாமும் இணையவழியே இலக்கணம் கற்பித்தோம். தொடர்பு அறுந்தோறும் புணர்ச்சிவிதி பாதியில் நின்றது. மாணவர் சிலர் அன்று மீண்டு வந்திலர். இதற்கு மாற்றில்லையோ என, எம்மிடம் பயின்று வலையமைப்புப் பொறியியலாளராய் விளங்கும் ஒருவரை வினவினோம்.

அவர் உரைத்ததாவது: பெருநிறுவனங்கள் இரு வழிப்படுத்திகளால் சேவை வழங்குநரோடு இணைந்திருக்கும். 1989 இல் வகுக்கப்பெற்ற எல்லை நுழைவாயில் நெறிமுறைப்படி, ஒவ்வொன்றும் ‘இன்ன முகவரிகளுக்கு என் வழியே செல்க’ என அயலார்க்கு அறிவிக்கும். ‘உளேன்’ என்றும் இடையிடையே உரைக்கும். குறித்த காலத்துள் அவ்வுரை வாராதாயின், அயலார் அவ்வழியை நீக்கி மற்றையதை மேற்கொள்வர். உள்ளிருக்கும் கணினிகளுக்கோ இரு வழிப்படுத்திகளும் ஒரே முகவரியைப் பூண்டு நிற்கும். ஒன்று தலைமை தாங்கும், மற்றையது காத்திருக்கும். வழக்கமாகச் செக்கனுக்கு ஒருமுறை வரும் தலைமையின் குரல் ஓய்ந்தால், ஏறத்தாழ மூன்று செக்கனில் இரண்டாவது பொறுப்பேற்கும்.

“அங்ஙனமாயின் இடரே இல்லையன்றோ?” என்றோம்.

“உண்டு, ஐயா. தலைமைக் கருவி பழுதுறாமலே அதன் வெளிவழி அறுந்துபோகலாம். அப்போதும் அது உள்ளே ‘உளேன்’ என்றே கூறிக்கொண்டிருக்கும். கணினிகளும் அதனையே நம்பும். ஆதலின், வெளிவழி அற்றதும் தன் முதன்மையைத் தானே குறைத்து மற்றையதற்கு இடம்விடுமாறு அதனைப் பணிக்க வேண்டும். இரண்டையும் ஒரே வடத்திலோ ஒரே மின்னிணைப்பிலோ கட்டினாலும் பயனில்லை” என்றார்.

இருத்தல் வேறு, உதவுதல் வேறு என்னும் உண்மையை இதனினும் தெளிவாக யாம் எந்நூலிலும் கற்றிலேம். எண்ணால் இரண்டாயினும் ஊன்றிய இடம் ஒன்றாயின் அவை ஒன்றே. தன்னால் வழிகாட்ட இயலாதென அறிந்தவுடன் தலைமையை விட்டுக்கொடுப்பதே தலைமைக்கு அழகு.

விழாக் காணும் எம் கல்லூரியும், பழைய மாணவரும் ஆசிரியரும் உரியகாலத்து இடம்விட, இளையோர் ஆயத்தமாய் நின்று ஏற்க, தொடர்பறாது வாழ்வதாக!