துலாம்பென் கப்பல்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையிலே துலாம்பென் என்னும் சிற்றூர் இருக்கிறது. கரையெங்கும் உருண்டைக் கருங்கற்கள். ஊருக்குப் பின்னால் ஆகூங் எரிமலை. ஊராரின் ஜீவனத்துக்கு ஆதாரமோ, கடலுக்கடியில் கிடக்கும் ஓர் உடைந்த கப்பல்!

அதன் பெயர் 'லிபர்ட்டி', அதாவது சுதந்திரம். (சிலேடை செய்யும் ஆசையை அடக்கிக்கொள்கிறோம்.) 1918-ல் அமெரிக்காவில் கட்டப்பெற்ற சரக்குக் கப்பல் அது. 1942 ஜனவரி 11-ந் தேதி லொம்போக் ஜலசந்தியில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று அதைத் தாக்கியது. இழுத்துச் சென்று காப்பாற்ற முயன்றவர்கள், முடியாதென்று கண்டு இக்கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபத்தோராண்டு காலம் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. 1963-ல் ஆகூங் சீறி எழுந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டபோது, கப்பலையும் கடலுக்குள் தள்ளிவிட்டது.

விடியுமுன்பே கரைக்குப் போனோம். ஸ்கூபா முழுக்குக்கு வேண்டிய காற்றுச் சிலிண்டர்களை ஊர்ப் பெண்கள் தலையில் சுமந்து வந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 கிலோ! உருளும் கற்களின்மேல் அவர்கள் குடம் சுமப்பதுபோல் நடந்து வர, வெறுங்கையுடன் நாம் தடுமாறினோம். கல்லின் துணையோடு ஒரே மூச்சில் இறங்கிய நமது தூத்துக்குடி முத்துக்குளிகாரர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

கப்பல் கரையிலிருந்து கூப்பிடு தூரந்தான். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அதன் மேற்பகுதி தென்பட்டது. அடிப்பகுதி 30 மீட்டர் வரை போகிறது. நமது பயிற்சிக்கு 18 மீட்டரே எல்லை. அதுவே போதும். இரும்புச் சட்டங்களின்மேல் பவளமும் கடற்பஞ்சும் அடர்ந்திருந்தன. ஆழத்தில் சிவப்பு நிறம் மறைந்துவிடுவதால் எல்லாம் நீலச் சாம்பலாகத் தோன்றின. வழிகாட்டி கைவிளக்கைக் காட்டியதும் அதே இடம் குங்குமமாய்ச் சிவந்தது! திடீரென்று, இரவெல்லாம் கப்பலில் உறங்கிய பெரிய கிளிமீன்கள் கூட்டமாகப் புறப்பட்டன. நெற்றி புடைத்த அம்மீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து மணலாக வெளியேற்றுபவை.

உடம்பில் ஏறிய நைட்ரஜன் வெளியேறும் பொருட்டுக் கரையில் ஒரு மணி நேரத்துக்குமேல் காத்திருந்து, பிறகு அதே விரிகுடாவிலுள்ள பவளத்திட்டில் இறங்கினோம். அதைப் பவளப் பூச்சிகளே கட்டின. கப்பலிலோ பவளத்தைத் தாங்குவது இரும்பு. அந்த இரும்பை உப்புநீர் நாளும் அரித்துக்கொண்டிருக்கிறது.

மேலே வந்ததும், சிலிண்டர் சுமந்த பெண்மணியிடம், குழந்தைகள் படிக்கிறார்களா என்று வழிகாட்டி மூலம் விசாரித்தோம். வாத்தியார் வழக்கம் எங்கே போகும்?

"இந்தக் கூலியில்தான் இருவரும் படிக்கிறார்கள். கப்பல் இன்னும் பத்து வருஷம் தாங்குமா, ஐயா?"

அந்த அம்மாள் நமது பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலிச் சிலிண்டரைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அடுத்த கோஷ்டி வந்து நின்றது.