தாத்தா ரதி கட்டிய கேசட்

முதல்ல நான் திட்டியது வின்ஆம்பைத்தான். கேசட்டிலிருந்து கம்பியூட்டருக்கு ஏற்றிய தாத்தாவின் பாட்டைப் போட்டால், ஒரு சின்னப் பொண்ணு மூக்கால் பாடுவது மாதிரி கேட்டது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பாயி சிரிக்கவில்லை. "இது யாரு பாப்பா பாடுறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் பல வாரம் அலைய வைத்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். தாத்தா எங்க தோட்டத்தில் காமன் கூத்துக்கு ரதி கட்டுவார். மாசி மாசத்தில் கம்பம் ஊன்றி, மன்மதன் எரிந்து, ரதி அழுது முடிகிற வரைக்கும் அவர் வேறு ஆள். ஒரு வருஷம் சித்தி சவுதியிலிருந்து கொண்டு வந்த ரேடியோ கேசட்டைத் திடலுக்குத் தூக்கிப் போய், பெட்டரி போட்டு, ராவு முழுக்கப் பதிந்து வைத்தார்கள். அறுபது நிமிஷக் கேசட் ஒன்று. தாத்தாவின் குரல் என்று எங்களிடம் மிச்சம் இருப்பது அது மட்டும்தான். பூனாகலைப் பனிக்கு பெட்டிக்குள்ளேயே நாடாவில் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

கம்பியூட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்டியம் 4, ரேம் 256 எம்பி, விண்டோஸ் எக்ஸ்பி. பண்டாரவளையில் ஒரு கடையில் கழித்துப் போட்டதை அப்பா வாங்கி வந்தார். மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்ட எக்ஸ்பி அது. ஆனால் 1997இல் வந்த வின்ஆம்பின் பழைய 2ஆம் பதிப்பு அதில் பஞ்சு மாதிரி ஓடும். புது மென்பொருள் எதையாவது ஏற்றினால் மூச்சு வாங்கும்.

பதிவதற்குள்ளேயே ரெண்டு தடவை தடுக்கி விழுந்தேன். கேசட் பிளேயரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து வயரை இழுத்து, பின்பக்கம் இருந்த ரோஸ் கலர் ஓட்டையில் சொருகினேன். சத்தம் கிழிந்து கிழிந்து வந்தது. ரோஸ் மைக்குக்கு; அது வருகிற சத்தத்தை இன்னும் பெருக்கிவிடும். கேசட்டுக்கு நீலக் கலர் ஓட்டைதான், அதாவது லைன்-இன். அடுத்தது கரண்ட். அது 2022 மார்ச் மாசம். மாசக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். யூபிஎஸ் எல்லாம் நமக்கு எங்கே? அஞ்சு அஞ்சு நிமிஷமாகப் பதிந்து, உடனுக்குடன் சேமித்தேன். எம்பி3 ஆக்காமல் அப்படியே வேவ் ஃபைலாக வைத்தால் நிமிஷத்துக்குப் பத்து எம்பி போகும், முழுக் கேசட்டுக்கு 600க்கு மேல். ஹார்ட் டிஸ்க் முனகினாலும் வேவாகத்தான் வைத்தேன்.

அழகாக தமிழில் பேர் வைத்தேன், "ரதி புலம்பல்" என்று. வின்ஆம்பில் வரிசையாகக் கேள்விக்குறி வந்து நின்றது, பாடவும் மறுத்தது. பழைய வின்ஆம்புக்கு யூனிகோட் தெரியாது. கண்ட்ரோல் பேனலில் மொழியை மாற்றினால் சரியாகும் என்று ஒரு அண்ணா சொன்னார். மற்ற மொழிகள் பலதுக்கு அது சரி. தமிழுக்கு விண்டோஸில் யூனிகோடுக்கு முந்திய எழுத்துப் பக்கமே கிடையாது, அதனால் எதை மாற்றினாலும் கேள்விக்குறிதான். (இதனால்தான் ஒரு தலைமுறையே பாமினியில் தட்டியது. பாமினியில் "அம்மா" என்று எழுதியது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.) கடைசியில் "பி சைட் 1", "பி சைட் 2" என்று ஆங்கில எழுத்திலேயே பேர் வைத்தேன். தாத்தா பாட்டுக்கு இங்கிலீஷ் பேர்!

இனி குரலுக்கு வருவோம். வின்ஆம்ப் குற்றவாளி இல்லை. மற்றப் பாட்டெல்லாம் ஒழுங்காகப் பாடியது. வி.எல்.சி. ஏற்றினேன். அதன் 3ஆம் பதிப்பு எக்ஸ்பியிலும் ஓடும், பேர் தமிழிலும் தெரியும். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பாட்டு மெதுவானது, குரல் மட்டும் அதே கீச்சு. வி.எல்.சி. வேகத்தைக் குறைக்கும்போது சுருதி மாறாமல் பார்த்துக்கொள்ளுமாம். எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். ஏ சைட் தொடக்கத்தில் கீச்சு இல்லை. போகப் போகத்தான் ஏறுகிறது. பெட்டரி! திடலில் ராவு முழுக்க ஓடின ரேடியோவில் பெட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததை சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறித்தான் கேட்கும். கம்பியூட்டர், சாஃப்ட்வேர், வயர் எதுவுமே பிழை செய்யவில்லை. பிழை நான் பிறக்க முந்தியே நடந்துவிட்டது.

ஆடாசிட்டியில் 'சேஞ்ச் ஸ்பீட்' என்று ஒன்று இருக்கிறது. வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே இறக்கும். ஆனால் எவ்வளவு இறக்குவது? துண்டுக்குத் துண்டு கணக்கு வேறு. தப்பை வைத்துப் பிடிக்கலாம் என்றால், அதை இடையிடையே நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள், சத்தம் மாறிக்கொண்டே இருக்கும். அதோடு தாத்தா பாடுவது ரதியாக. அவரே குரலைத் தூக்கித்தான் பாடினாரோ?

"ரதி கட்டினாலும் உங்க தாத்தா ஆம்பளக் கொரல்லதான் பாடுவாரு. சீலதான் பொம்பள சீல" என்றார் அப்பாயி. அது அவருடைய சீலைதானாம்.

அப்புறம் தினமும் கரண்ட் வந்தவுடன் அப்பாயிக்கு ஹெட்போன். ஆறு வீதம் இறக்கினேன். தலையாட்டவில்லை. எட்டு. "இது அவரு தம்பி கொரல் மாதிரி இருக்கு." ஒன்பது. அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டி, மவுஸ் பிடித்திருந்த என் கையை நகரவிடாமல் பிடித்துக்கொண்டார். அந்தத் துண்டு முடியும்வரை விடவில்லை.

சி.வி. வேலுப்பிள்ளை நம்ம மக்களின் பாட்டுகளைப் புத்தகமாகத் தொகுத்திருக்கிறார். சொல் அங்கே கிடைக்கும். மூச்சு எங்கே கிடைக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன்.

அடுத்த வருஷம் மார்ச்சில் கபரகலையில் மண்சரிவு. மீரியபெத்தைக்குப் பிறகு மழை சத்தம் கேட்டாலே இங்கே யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அந்த வாரமே எல்லாத் துண்டையும் ரெண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை பண்டாரவளையில் சித்தி வீட்டில் கொண்டு போய்க் கொடுத்தேன். கம்பியூட்டர் போனாலும் போகட்டும்.

பி சைட்டின் கடைசி நாலு நிமிஷம் இன்னும் சரிவரவில்லை. பெட்டரி சாகிற நேரம், சுருதி நொடிக்கு நொடி வழுக்குகிறது. இருபது வீதம்வரை இறக்கிப் பார்த்தாயிற்று. அப்பாயி ஒரு நாள் சரி என்கிறார், மறுநாள் இல்லை என்கிறார். அந்த ஃபைலின் பேர் இன்னமும் "பி சைட் 6 சரியில்ல".